மண்ணைக் கேட்ட மாமி

ஈரத்துணியைப் பார்த்தாலே எனக்கு இன்றும் கை கடுக்கிறது. யுத்த காலத்தில் மாதுங்காவில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கணவரின் சிற்பக்கூடம். இரும்புக் கம்பிமேல் களிமண்ணை அப்பித் தலைகள் செய்வார். மண் காய்ந்தால் வெடித்துவிடும். பழம்புடவைத் துணியை நனைத்துப் பிழிந்து அவற்றுக்குப் போர்த்திக்கொண்டே இருப்பது என் தலையெழுத்து. பெற்ற குழந்தைகளைக்கூட நான் அத்தனை தரம் குளிப்பாட்டியதில்லை.

கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத பிள்ளையின் புகைப்படத்தோடு ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு மாமி, அவன் தலையைச் செய்து தரச் சொல்லி வந்தாள். முகம் படத்தில் இருந்தபடியே அமைந்தது. ஆனாலும் மாமி தினமும் வந்து பார்த்து, "இது அவன் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். மூக்கைத் திருத்தினார், தாடையைத் திருத்தினார். அவருக்கும் சலித்தது, எனக்கும் சலித்தது.

ஒருநாள், "தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதுபோல் இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தடவினாள். "பின்மண்டை இவ்வளவு உருண்டை இல்லை. இங்கே ஒரு பள்ளம், மாடிப்படியிலேந்து விழுந்தான்" என்று கட்டைவிரலால் அமுக்கினாள். பிறகு அழுதாள். அன்றுதான் அந்த மண்ணில் பிள்ளை வந்து சேர்ந்தான்.

வெண்கலமெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பிளாஸ்டர்தான் கதி. களிமண் தலைமேல் பிளாஸ்டர் பூசி அச்செடுப்பார். உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, காலி அச்சில் மறுபடி பிளாஸ்டர் ஊற்றுவார். தோண்டிய மண் தொட்டிக்குப் போகும். பிசைந்தால் அடுத்த தலை. தாராவிக் குயவர்களிடம் வாங்கிப் பக்குவப்படுத்திய மண், யாருக்கும் ஒரு பிடி தரமாட்டார். மாமியின் பிள்ளை தலையிலிருந்து தோண்டிய மண்ணை நான் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமி வந்தாள்.

"அதை என்ன பண்ணுவேள்?"

"அடுத்தாப்ல ஒரு சேட்டோட தலை, மாமி."

மாமி தொட்டியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வேண்டாம்மா. எங்கிட்ட கொடுத்துடு."

அவர் என்னைப் பார்த்து, "கொடுத்துடு" என்றார். ஈரத்துணியிலேயே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். மாமி அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"காயாம பாத்துக்கணுமோ?"

"ஆமாம் மாமி. தினம் நனைக்கணும்."

பிளாஸ்டர் தலையை வாங்கிப்போக மாமி வரவேயில்லை. என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தலை இன்னும் எங்கள் அலமாரிமேல் இருக்கிறது. பிளாஸ்டருக்கு ஈரம் ஆகாது, காய்ந்த துணிதான். தூசி துடைக்கையில் பின்மண்டைப் பள்ளத்தில் என் கட்டைவிரல் போய்ப் பதியும். எனக்கு ஈரத்துணி எப்போதோ விட்டது. மாமி எத்தனை வருஷம் நனைத்தாளோ.