அது எருமைதான்

ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்த நோர்வே நகரத்தில் பிள்ளை உடுப்பில் சாயம் பூசிக்கொள்ள ரிக்கற் எடுக்க வேண்டும். சிறுவர் கலைக்கூடம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சுவரில் படம் கீறலாம், களிமண் குழைக்கலாம், காட்சிக்கு வைத்த எதையும் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஒரு சொட்டுச் சிந்தினால் முகம் சுளிக்கிற தாய்மார் இங்கே சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். என் மகள் ஆரணிக்கு ஏழு வயது. ஞாயிறு வந்தால் அங்கேதான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள்.

போன மாதம் 'எங்கள் குடும்பத்தின் நாடு' என்ற கண்காட்சிக்காகப் பிள்ளைகளைப் படம் கீறச் சொன்னார்கள். ஆரணி பழுப்புச் சாயத்தைத் தாள் முழுக்கப் பூசி, அதில் ஏழெட்டுக் கறுப்புக் குவியலும் மேலே வெள்ளைப் பொட்டுகளும் வைத்தாள். அங்கே வேலை செய்கிற இளம்பெண் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். என் தோளில் கை வைத்து, மனதில் அடைபட்டுக் கிடப்பது வெளியே வருவது நல்லதுதான் என்றாள். படத்தின் கீழே ஒட்ட ஓர் அட்டையும் எழுதிவிட்டாள்: 'போரின் நினைவுகள்.'

எனக்கு விசர் வந்துவிட்டது. கடவுளே, அது எருமை! போன விடுமுறையில் எங்கள் ஊரான அடம்பனுக்குப் போனபோது, குளத்துச் சேற்றில் கிடந்த எருமைகளையும் முதுகில் நின்ற கொக்குகளையும் விட்டு இவள் வரமாட்டேன் என்றாள். இவள் இந்த நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இவளுக்குத் தெரிந்த போர் காலையில் தலை பின்னும்போது என்னோடு நடத்துவதுதான். இதையெல்லாம் என் உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். நான் வலியை மறைக்கிறேன் என்று நினைத்து அவள் இன்னும் கனிவாகத் தலையாட்டினாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவள் நல்ல பிள்ளை. அதுதான் கரைச்சல்.

இந்தக் கனிவை நான் முன்பே கண்டிருக்கிறேன். போர் முடிந்து சனம் மீள்குடியேறிய காலத்தில் அடம்பனில் தறப்பாள் கொட்டகை ஒன்றில் முன்பள்ளி நடத்தினேன். வெளிநாட்டு விருந்தினர் வந்து பிள்ளைகளின் படங்களில் சிலவற்றை எடுத்துப் போவார்கள். யாருடைய படத்தை எடுத்தார்களோ அந்தப் பிள்ளைக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி. அவர்கள் எடுத்ததெல்லாம் குண்டு போடுகிற ஹெலியும் விழுந்து வெடிக்கிற ஷெல்லும் கீறிய படங்கள்தான். சுகந்தி என்ற ஐந்து வயதுக்காரி ஒவ்வொரு முறையும் கோழியும் குஞ்சும் கீறிவிட்டு வெறுங்கையோடு நிற்பாள். பார்க்கப் பொறுக்காமல், "ஹெலி கீறு பிள்ளை" என்று நானே அவள் காதுக்குள் சொன்னேன். கீறினாள், பெட்டி கிடைத்தது. அடுத்த நாள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"ரீச்சர், இனிக் கோழி கீறலாமோ?"

அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. போர் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. என் அண்ணனை அது தின்றது. ஆனால் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். யாரோ கண் கலங்குவதற்காக என் பிள்ளையின் எருமை குண்டாக மாறத் தேவையில்லை.

ஆரணியின் படத்தின் கீழிருந்த அட்டையைப் பிய்த்தெடுத்தேன். அந்தப் பெண் திகைத்துப்போய், அட்டை இல்லாமல் படம் வைக்க விதி இடம் கொடுக்காது என்றாள். அப்படியானால் படத்தையும் கொண்டு போகிறேன் என்று கையை நீட்டினேன். ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, என்ரை படத்தைக் கழட்டாதேங்கோ."

அவள் சொன்னதும் நியாயம்தான். புது அட்டை ஒன்றை வாங்கி, தடித்த பேனையால் தமிழில் எழுதி ஒட்டினேன். 'எருமைகள். கீறியவர் ஆரணி.' இது யாருக்கு விளங்கும் என்று அந்தப் பெண் கேட்டாள். விளங்காதவர்கள் கேட்கட்டும், சொல்கிறேன் என்றேன்.

முதலில் கேட்டவள் ஆரணி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தூரம், குளிர் என்று சாட்டுச் சொல்லி அவளை அனுப்பாமல் விட்டவள் நான். நுனிக்காலில் எழும்பி, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இதிலை என்ன எழுதியிருக்கிறியள்?"

அவளுடைய பெயரை அவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன்.