செவ்வந்தியின் வியட்நாம் சிம்

குத்தாலத்துக்குத் தெற்கே உள்ள ஏழெட்டு ஊர்களில் யாருக்கு நடவு வேலை என்றாலும் முதலில் ஒரு போன் போடுவார்கள். அந்தப் போனை எடுப்பவள் செவ்வந்தி. "எத்தனை மா நெலம்? சேறு அடிச்சாச்சா? நாத்து உங்களுதா, எங்களுதா?" என்று கேட்பாள். பதில் வந்ததும் ஒரு தேதி சொல்வாள். சொன்ன தேதியில் நடவு மெஷின் அந்த வயலின் வரப்பில் நிற்கும்.

செவ்வந்திக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பதினான்கு வயதில் அம்மாவோடு அடுத்தவர் வயலில் கூலி நடவுக்குப் போனவள், இருபது வருடம் குனிந்தே நட்டாள். பிறகு வேளாண்மைத் துறை நடத்திய ஒரு பயிற்சியில், ஆண்கள் நிறைந்த கொட்டகையில் ஒரே பெண்ணாக நின்று, பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் நாலு வரிசை மெஷினைக் கற்றுக்கொண்டாள். முதல் வருடம் அவள் நட்ட வரிசை கோணல்மாணலாகப் போனதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. மூன்றாம் வருடம் அவர்களே போன் செய்தார்கள். இன்று ஐந்து பெண்கள் அடங்கிய குழு அவளுடையது. இந்த வருடம் ஆடியில், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற ஆறு வரிசை மெஷின் ஒன்றும் வந்து சேர்ந்தது.

வியட்நாம் சேதி வந்தது ஆவணியில். சென்னையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் நெல் விவசாயப் பெண்கள் ஐந்து பேரைப் பத்து நாள் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறது, அதில் செவ்வந்தியும் ஒருத்தி. மெயில் வந்தது அவள் நாத்தனார் செம்மொழியின் போனுக்கு. செம்மொழி பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதமாக அண்ணியோடு மெஷினில் இருப்பவள். அவள் வரப்பில் நின்று அதை ஒருமுறை தமிழில் சொன்னாள். செவ்வந்தி நம்பாமல் மறுமுறையும் சொல்லச் சொன்னாள். அன்று மாலை முழுக்கச் செவ்வந்தியின் கால் தரையில் பாவவில்லை. கணவன் செல்லதுரை லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும், "மீகாங் ஆத்தோட டெல்டாவாம். நம்ம ஊரு மாதிரியே வாய்க்கா, வயலுன்னு இருக்குமாம்" என்று தான் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்தவளைப் போலச் சொன்னாள்.

தேதியைக் கேட்டபோதுதான் முகம் மாறியது. ஐப்பசி முதல் வாரம் புறப்பாடு. சம்பா நடவு உச்சத்தில் இருக்கும்.

"நான் பாத்துக்குறேன் அண்ணி" என்றாள் செம்மொழி.

"ஓட்டுறத நீ பாத்துப்ப. யாருக்கு முன்னாடி, யாருக்குப் பின்னாடின்னு தண்ணிய வச்சுத்தானே முடிவு பண்ணணும்? மெஷின் மக்கர் பண்ணுனா யார கேப்ப? அங்க என் போன் ஓடுனா நான் போறேன். இல்லன்னா வேற ஆள பாக்கச் சொல்லிடு."

மறுநாளே குத்தாலம் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரபுவிடம் போனாள். அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, வெளிநாட்டு ரோமிங் பேக் ஒன்றைச் சொன்னான். பத்து நாளைக்கு ஆகும் தொகையைக் கேட்டதும் செவ்வந்தி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அந்தக் காசுக்கு மெஷினுக்கு எத்தனை நாள் டீசல் போடலாம் தெரியுமா? வேற வழி இல்லையா பிரபு?"

"இ-சிம்னு ஒண்ணு இருக்குக்கா. இங்கேருந்தே வாங்கிக்கலாம், கார்டே வேணாம். ஆனா உங்க போனு அத எடுக்காது. பழைய மாடலு."

வழி சொன்னது சஃபியா. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சிநேகிதி. அவள் கணவர் மலேசியாவில் இருக்கிறார், அவளும் மூன்று தடவை போய் வந்தவள். ரவிக்கை வெட்டிக்கொண்டே பேசினாள்.

"அந்த ஊரு சிம்மே வாங்கிடு செவ்வந்தி. ஏர்போர்ட்டுல வாங்காத, அங்க வெல கூட. ஊருக்குள்ள சாதாரண கடையா பாத்துப் போ. பாஸ்போர்ட்ட மறக்காம எடுத்துட்டுப் போ, அது இல்லாம தரமாட்டான். அப்புறம் இங்கேருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே உன் நம்பருக்கு வர்ற போனையெல்லாம் செம்மொழி நம்பருக்குத் திருப்பி விட்டுரு."

"வாட்ஸ்அப்பு?"

"அது உன் பழைய நம்பர்லயேதான் ஓடும். புது சிம்மு போட்டதும் நம்பர மாத்தவான்னு கேக்கும். வேணாம்னு அமுக்கு. நம்ம சிம்முல வெளிநாட்டு நெட்ட ஆஃப் பண்ணி வச்சுரு, அத விட்டுட்டுத்தான் நான் மொத தடவ பில்லுல மாட்டுனேன்."

செவ்வந்தி இதையெல்லாம் நடவு தேதி எழுதும் டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் அது மனப்பாடமாகிவிட்டது. செல்லதுரை சாப்பிட உட்காரும்போதெல்லாம் தானாக ஒருதரம் ஒப்பித்துக் காட்டினாள்.

திருச்சியிலிருந்து விமானம். ஜன்னலோர இருக்கை. கீழே விளக்குகள் சின்னதாகிப் போனதைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். ஹோ சி மின் நகரத்து விமான நிலையத்தில் சிம் விற்கும் பெண்கள் வரிசையாக நின்று கூப்பிட்டார்கள். மற்ற நான்கு பேரும் நின்று வாங்கினார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து கூட வந்திருந்த கிளாட்சன், "வாங்கிக்கிறீங்களா செவ்வந்தி? இல்லன்னா என் போன்லேருந்து பேசிக்கலாம்" என்றார்.

"இல்லங்க சார், ஊருக்குள்ள பாத்துக்குறேன்" என்றாள். உள்ளூரக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

கான் தோ என்ற ஊருக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது. வழியெல்லாம் ஆறு, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வயல். குத்தாலத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போவது போலவே இருந்தது, வீட்டு வாசலில் படகு கட்டியிருந்ததுதான் வித்தியாசம். விடுதியின் வரவேற்பறையில் மட்டும் வைஃபை வந்தது. அதில் செம்மொழியின் குரல்பதிவு காத்திருந்தது.

"அண்ணி, வாய்க்கால்ல முறைத் தண்ணி ரெண்டு நாள் முன்னாடியே விட்டுட்டாங்க. வீரையன் மாமா வயலு ரெடி. நாளைக்கே மெஷின எறக்குறேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும், அப்புறம் தண்ணி அடுத்த வாய்க்காலுக்குப் போயிடும். ஆறு வரிசை மெஷின நான் தனியா எறக்குறது இதான் மொத தடவ."

மறுநாள் எட்டு மணிக்குப் பேருந்து. செவ்வந்தி ஏழு மணிக்கே பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகத் தெருவில் இறங்கினாள். சாலை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். ஒரு பாட்டம் நின்று பார்த்தாள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி காய்கறிக் கூடையோடு நிதானமாக நடந்து கடப்பதைக் கண்டு, அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு தானும் கடந்தாள். வண்டிகள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. மறுகரை சேர்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு கடை தள்ளி ஒரு செல்போன் கடை திறந்திருந்தது. உள்ளே முப்பது வயதுப் பெண். செவ்வந்தி தன் போனைக் காட்டி, "சிம்" என்றாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். ஒன்றும் புரியவில்லை. "இந்தியா, தமிழ்" என்றாள் செவ்வந்தி. கடைக்காரி தன் போனில் ஏதோ தேடி, அதை வாய்க்கு அருகில் பிடித்துப் பேசினாள். போன் தமிழில் பேசியது.

"வணக்கம். தங்களுக்கு எத்தனை நாள்களுக்குத் தேவைப்படுகிறது?"

செவ்வந்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு மரியாதையாக அவளிடம் எந்தக் கடையிலும் யாரும் பேசியதில்லை. போனை நோக்கிக் குனிந்து, "பத்து நாளைக்குங்க. நெட்டு நல்லா ஓடணும்" என்றாள். போன் அதை வியட்நாம் மொழியில் சொன்னது. கடைக்காரி குழம்பிப்போய்ப் பதில் சொன்னாள்.

"மன்னிக்கவும். நாங்கள் மீன்பிடி வலை விற்பதில்லை" என்றது போன்.

செவ்வந்தி யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசுவது போல நிமிர்ந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "எனக்குப் பத்து நாள்களுக்கு இணையம் வேண்டும். வயலில் இருந்து வீடியோவில் பேச வேண்டும்."

இப்போது புரிந்தது. கடைக்காரி வயல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இவளும் நெல் விவசாயியா என்று கேட்டாள். செவ்வந்தி மெஷினில் உட்கார்ந்திருக்கும் தன் படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் அம்மாவும் நடவு நட்டவர்தான் என்றாள். தினமும் கொஞ்சம் டேட்டா தரும் உள்ளூர்த் திட்டம் ஒன்றை எடுத்து வைத்தாள். விமான நிலையத்தில் கேட்டதில் பாதி விலை. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தாள், செவ்வந்தியையும் ஒரு படம் எடுத்தாள். போனின் இரண்டாவது இடத்தில் மெமரி கார்டு இருந்தது. அதை எடுத்து ஒரு சின்ன உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, புது சிம்மைச் சொருகினாள். நம்பரை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டது. சஃபியா சொன்னபடி, வேண்டாம் என்று அமுக்கினாள். அடுத்த நிமிடம் குத்தாலத்துச் சேதிகள் டிங் டிங்கென்று வந்து விழுந்தன.

ஓட்டமும் நடையுமாக வந்து பேருந்தைப் பிடித்தாள். "வாங்கிட்டேன் சார்" என்று கிளாட்சனிடம் போனை உயர்த்திக் காட்டினாள். அவள் விலையைச் சொன்னதும் மற்ற நான்கு பெண்களும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று அவர்கள் போனது ஒரு விதைப் பண்ணைக்கு. அங்கே லான் என்ற பெண், செவ்வந்தியின் வயதுதான் இருக்கும், ஆறு வரிசை மெஷினைச் சேற்றில் ஓட்டிக் காட்டினாள். ஊரில் செவ்வந்தி குழுவின் மெஷின் எந்த மாடலோ அதே மாடல், நிறம்கூட மாறவில்லை. செவ்வந்தி வரப்பிலிருந்து இறங்கி முழங்கால் சேற்றில் கூடவே நடந்தாள். லான் திரும்பும்போது எங்கே வேகத்தைக் குறைக்கிறாள், எப்போது நாற்றுத் தட்டைத் தூக்குகிறாள் என்று ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

அப்போது வீடியோ கால் வந்தது. செம்மொழியின் முகம் வியர்த்திருந்தது.

"அண்ணி, நாலாவது வரிசை நடவே மாட்டேங்குது. மத்த அஞ்சும் விழுது. கும்பகோணம் மெக்கானிக்கு நாளன்னிக்குத்தான் வருவேங்கறாரு. வீரையன் மாமா கரையில நிக்கிறாரு."

"ஓட விட்டு சத்தத்த கேக்க வை."

செம்மொழி போனை மெஷின் பக்கம் நீட்டினாள். இரும்பு எதிலோ இடிப்பது போல டக், டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம். செவ்வந்தி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நின்ற லான் சடாரென்று திரும்பினாள். அவள் குனிந்து சேற்றிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து உயர்த்திக் காட்டிய அதே நேரத்தில், செவ்வந்தி, "கல்லு மாட்டியிருக்குடி" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லான் கடகடவென்று சிரித்தாள்.

"மொதல்ல இன்ஜின ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? இப்ப நாலாவது வரிசையில, நாத்த கிள்ளி எடுக்குற இரும்பு விரல் இருக்கு பாரு, அதுக்குள்ள பாரு."

செம்மொழி தடவினாள். "கல்லு இல்ல அண்ணி. நத்தை ஓடு. எடுத்துட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "வெரலு வளைஞ்சிருக்கு."

பழைய மெஷின் என்றால் செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவாள். புது மெஷினில் அந்த விரலை அவள் கழற்றியதே இல்லை. போனை லான் பக்கம் திருப்பினாள். லானுக்குச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. வளைந்த விரல் திரையில் தெரிந்ததும் தன் மெஷினின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும், எந்தத் தகட்டைத் தொடக்கூடாது என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். செவ்வந்தி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே செம்மொழி டூல் பாக்ஸிலிருந்து ஸ்பானரையும் மாற்று விரலையும் எடுத்தாள். மாட்டி முடித்ததும் லான் தலையை ஆட்டி, கொஞ்சம் உள்ளே என்று சைகை காட்டினாள். இன்னும் கொஞ்சம். இப்போது சரி.

வரப்பில் நின்றிருந்த கிளாட்சனும் மற்ற பெண்களும் பண்ணை ஆட்களும் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். இவ்வளவு நேரத்தில் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு" என்றாள் செவ்வந்தி.

மெஷின் உறுமியது. செம்மொழி இரண்டு கெஜம் ஓட்டிவிட்டு இறங்கி வந்து போனைச் சேற்றுக்கு மேலே பிடித்தாள். ஆறு வரிசை. ஆறிலும் நாற்று நின்றது. பின்னாலிருந்து வீரையனின் குரல் கேட்டது.

"செவ்வந்தி, யாரும்மா அது, பக்கத்துல தொப்பி போட்டுக்கிட்டு?"

"மெஷின் ஓட்டுறவங்க மாமா. இந்த ஊருக்காரங்க."

"நம்ம வயலுக்கு வியட்நாம்லேருந்து ஆளு வந்து ரிப்பேரு பாத்துருக்கு. வணக்கம் சொல்லும்மா அவங்களுக்கு." வீரையன் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். லானும் கூப்பினாள்.

அன்று மாலை தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்புவதற்கு அரைமணி முன்னால் கடைசி மூலையும் நட்டாயிற்று. செம்மொழி படம் அனுப்பினாள். செவ்வந்தி அதை விடுதிப் படியில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரிசை நேராகத்தான் இருந்தது. அவள் முதல் வருடம் நட்டதைவிட எவ்வளவோ நேர்.

மீதி நாட்களில் கூச்சம் போய்விட்டது. மிதக்கும் சந்தையில் படகிலிருந்தபடி செல்லதுரைக்கு அன்னாசிப்பழ வியாபாரத்தைக் காட்டினாள். பாய் போல வளர்த்த நாற்றை நனைக்காமல் உருட்டி எடுக்கும் ஒரு முறையை லான் செய்துகாட்ட, அதை அவள் குழுப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊரிலிருந்து பார்த்தார்கள். கூட வந்த பெண்களில் டேட்டா தீர்ந்துபோன இருவர் அவளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனார்கள். கடைக்காரியிடம் செவ்வந்தியே அவர்களுக்காகப் பாடப்புத்தகத் தமிழில் பேசினாள்.

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. லானும் அவளும் வாரத்துக்கு ஒருமுறை மெஷின் வீடியோ அனுப்பிக்கொள்கிறார்கள். வெளிநாடு கிளம்புகிறவர்கள் கடைக்கு வந்தால், பிரபு செவ்வந்தியின் நம்பரைக் கொடுத்துவிடுகிறான். அவளும் சஃபியா சொன்னதையெல்லாம் சலிக்காமல் சொல்கிறாள். சென்ற வாரம் அந்தத் தொண்டு நிறுவனம் அடுத்த பயணத்துக்குப் பெயர் கேட்டு எழுதியது. செவ்வந்தி செம்மொழியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் அவளிடம் சொன்னாள். செம்மொழி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இன்ஜினை அணைத்தாள். பிறகு மெதுவாக, "பாஸ்போர்ட்டுக்கு எங்க அண்ணி போகணும்?" என்று கேட்டாள்.