என் மனைவியின் அசைன்மென்ட்டை யார் படிப்பார்கள்?

கரையான்சாவடியில் இருக்கும் தொலைநிலைக் கல்வி மையத்துக்கு இன்று சென்றிருந்தேன். என் மனைவியின் எம்.ஏ. தேர்வு முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அசைன்மென்ட் வந்து சேரவில்லையாம்.

பக்கவாதம் வருவதற்கு முன்பே அதைத் தன் கையால் எழுதி, நேரில் வந்து ஒப்படைத்தவள் அவள். மையம் இடம் மாறியபோது தாள்கட்டுகள் தொலைந்துபோனதை ஊழியர் மறுக்கவில்லை.

“திரும்ப எழுதிக் குடுத்துடுங்க சார்.”

“அவங்களுக்கு இப்போ வலது கை அசையாது.”

“அவங்களேதான் எழுதணும்னு இல்ல சார். நீங்க எழுதுங்க, இல்ல பசங்கள உட்டு எழுதச் சொல்லுங்க. அத்த யாரு சார் படிக்கப் போறாங்க?”

உதவுவதாக நினைத்தே அவர் அதைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“மறுபடி எழுதணுமாம்” என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

“அந்த நோட்டை எடுங்க. இடது கையால எழுதிப் பாக்குறேன். கோணலா இருந்தா திருத்துறவங்க கோச்சுக்குவாங்களோ?”

பல்கலைக்கழகத்தாரே, உங்களிடம் நான் மதிப்பெண் கேட்கவில்லை. அவள் எழுதி முடிப்பதை உங்களில் ஒருவராவது படிப்பீர்களா? வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்துமூலமான பதில் தேவை.