காபி நேரத்தில் ஏறிய கிணறு

நெவாடாப் பாலைவனத்துக் கிணறுகளில் சாக்பீஸ் தடவிய இரும்பு நாடாவை இறக்கி, அது நனைந்த இடத்தை வைத்து நீர்மட்டம் கணிப்பதுதான் இருபத்தாறு வருடமாக லோர்னாவின் பிழைப்பு. அளப்பதற்கு இரண்டு நாள் முன்பே பம்பை நிறுத்திவிட வேண்டும்; பம்பு ஓடும்போது தாழ்ந்த தண்ணீர், அது நின்ற பிறகுதான் ஏறிப் பழைய மட்டத்துக்கு வரும்.

நிறுத்திவிட்டதாகப் பண்ணைக்காரர் வெர்ன் அடித்துச் சொன்னார். மட்டமோ போன வருடத்தைவிட நாலடி கீழே கிடந்தது.

"மலையில பனி கம்மி, உருகி வர்ற தண்ணியும் கம்மி, லோர்னா. நான் என்ன பண்றது?"

அவள் ஒரு காபி குடித்துவிட்டு, மறுபடி நாடாவை இறக்கினாள். தண்ணீர் ஓரடி ஏறியிருந்தது.

"மலைத்தண்ணி மண்ணுக்குள்ள ஊறி இங்க வந்து சேர ஆயிரம் வருஷம் ஆகும், வெர்ன். உங்களுக்கு மட்டும் ஒரு காபி குடிக்கிறதுக்குள்ள வந்துடுச்சே! உண்மையச் சொல்லுங்க, பம்பை எப்ப நிறுத்தினீங்க?"

வெர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தூரத்துல உன் வண்டிப் புழுதி தெரிஞ்சப்போ."