மூழ்கிய கப்பலின் ஏழாவது காசு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது போன ஆவணியில் உறுவையாறு என்ற ஊரில், பட்டப்பகலில் நடந்தது. இன்றைக்கும் மணி மூன்றைத் தாண்டினால் ஜெயசீலன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜெயசீலனுக்குக் கப்பல் காசு என்றால் பைத்தியம். கடலில் மூழ்கிய பழைய கப்பல்களிலிருந்து எடுத்த பொற்காசுகள் ஆறு சேர்த்திருந்தான். ஏழாவது தானே வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவள் கஸ்தூரி. பாகூர் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள்.

“எங்க வூட்டுக்காரரு வலையில மாட்டுனது சார். விக்கறதுக்கில்ல. தங்கந்தானான்னு மட்டும் சொல்லுங்க.”

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அசல் கப்பல் காசு. ஆசை கண்ணை மறைத்தது. “சோதிச்சுப் பாக்கணும், வெச்சிட்டுப் போ. ரெண்டு நாள் கழிச்சி வாம்மா” என்றான். வந்தவளிடம், தன்னிடமிருந்த முலாம் பூசிய நகலைக் கொடுத்து, “வெறும் பித்தளைம்மா” என்றான். பாவி, முகத்தைப் பார்த்தே சொன்னான்.

“பித்தளைன்னா இன்னா சார், அவருதுதானே” என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

கடலில் கிடந்த காசை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுப்பார்கள். அவனும் கண்ணாடி டம்ளரில் போட்டு வைத்தான். மறுநாள் மதியம் 3:10க்குப் பார்த்தால் டம்ளரில் தண்ணீர் காலி, காசு மட்டும் கிடந்தது. மனைவி ரோஸி மேரி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. பூனையாக இருக்கும் என்று மறுபடி ஊற்றினான்.

அடுத்த நாளும் 3:10. காலி. விளிம்பைத் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது.

மூன்றாம் நாள் கதவைத் தாழிட்டு, டம்ளருக்கு எதிரிலேயே உட்கார்ந்தான்.

3:09...

3:10.

க்ளக்... க்ளக்...

தண்ணீர் இறங்கியது. யாருமில்லை.

காசைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினான். டம்ளரைக் கவிழ்த்தான். பத்து நாள் அந்த அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை. பீரோவுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது... ச்ச்... ச்ச்... வறண்ட நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும் சத்தம்.

பதினோராம் நாள் காசோடு குப்பத்துக்கு ஓடினான். கஸ்தூரி பாதியாய் இளைத்திருந்தாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே அழுதாள்.

“இஞ்சின் நின்னுபோயி ஒம்பது நாள் கடல்ல கெடந்தாரு சார். குடிக்கத் தண்ணியில்லாமத்தான் செத்தாரு. நாக்கு காயாம இருக்க இந்தக் காசத்தான் வாயில அடக்கினு இருந்தாரு. அவர கரைக்குக் கொண்டாந்தப்ப மணி மூணு பத்து. தெனம் அந்த நேரத்துக்கு சொம்புல தண்ணி வெப்பேன். வந்து குடிச்சிட்டுப் போவாரு. உங்ககிட்ட காச காட்டுனதுலேர்ந்து வரல. எம்மேல இன்னா கோவமோ...”

ஜெயசீலனுக்கு உயிரே கூசியது. உண்மையை எல்லாம் சொல்லி, அசல் காசை அவள் உள்ளங்கையில் வைத்தான். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அங்க அவருக்குத் தண்ணி குடுத்தீங்களா சார்?”