லம்பாரியின் வலது முட்டி

முப்பத்திரண்டாவது வயதில் பெலார்மினோவின் இடது தோள் நசுங்கிப்போனது. துறைமுகத்தில் காப்பி மூட்டை அடுக்கு சரிந்து மேலே விழுந்ததில் எலும்பு ஏதோ ஒரு கோணலில் கூடிக்கொண்டது. அதன் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. ஆனால் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு முதுகும் காலும் பிடித்துவிடப் பழகியிருந்தார். கை நன்றாயிருக்கிறது என்று நாலு பேர் சொல்ல, துறைமுகத்தை ஒட்டிய கம்போவாவில் இருந்த எஸ்த்ரேலா கால்பந்து கிளப்பில் மசாஜ்காரர் வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம்தான். ஆனால் மைதானத்துப் படிக்கட்டு வரிசைக்குக் கீழே ஓர் அறை கொடுத்தார்கள். அவரும் மனைவி ஸுல்மீராவும் அங்கே குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான கால்கள் தடதடக்கும். கோல் விழுந்தால் கூரைச் சுண்ணாம்பு உதிரும், ஸுல்மீரா ஓடிப்போய் பீன்ஸ் பயறுச் சட்டியை மூடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திமூன்றில், காம்போஸ் பக்கத்துக் கரும்புக் காட்டிலிருந்து ஒருவன் வந்தான். பெயர் ஜொவெலீனோ பிராத்தஸ். பத்தொன்பது வயது. வலது ஓரத்தில் ஆடுவான் என்றார்கள். பார்த்தால் காற்றடித்தால் விழுந்துவிடுகிற மாதிரி இருந்தான். முதல் நாள் பயிற்சியில் கிளப்பின் முரட்டுத் தடுப்பாட்டக்காரன் அவனை மூன்று தடவை துரத்தினான். மூன்றாவது தடவை தடுப்பாட்டக்காரனே புல்லில் உட்கார்ந்து கத்தினான்.

"யோவ், இவன் மனுஷனா, லம்பாரி மீனா? கையில பிடிச்சா வழுக்கிக்கிட்டுப் போறான்யா!"

ஆற்றில் கூழாங்கல்லுக்கிடையே ஓடுகிற அந்தச் சின்ன மீனின் பெயர் அவனுக்கு அன்றே ஒட்டிக்கொண்டது. ஜொவெலீனோவை அப்புறம் யாரும் ஜொவெலீனோ என்று கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் பெலார்மினோ முதல் தடவையாக அவன் காலைப் பிடித்துவிட்டார். அப்படி ஒரு காலை அவர் அதற்கு முன்பும் தொட்டதில்லை, பிறகும் தொட்டதில்லை. ஓய்வாக இருக்கும்போது பிசைந்த மாவு போல இளகிக் கிடக்கும். லேசாகப் பாதத்தைத் திருப்பச் சொன்னால், முழங்காலிலிருந்து இடுப்பு வரை மொத்தமும் ஒரே கயிறாக முறுக்கேறும்.

"வீட்டுல என்னடா சாப்பிட்ட?"

"மரவள்ளி மாவுண்ணே. அதை விட்டா கரும்பு."

"மாட்டுக்குப் போடறதைப் போட்டு வளத்திருக்காங்க. அதான் இப்படி ஓடறே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டே வருஷத்தில் லம்பாரி பெரிய ஆளாகிவிட்டான். புறநகர் ரயில்கள் அவனுக்காகவே நிரம்பி வந்தன. மிட்டாய்க் காகிதத்தில் அவன் படம் போட்டார்கள். வானொலிக்காரர் அவன் பெயரின் கடைசி எழுத்தை மூச்சு தீரும்வரை இழுத்தார். நாட்டுக்காக மஞ்சள் சட்டை போட்டு ஆடிவிட்டு வந்த மறுநாள், அதே சட்டையோடு பெலார்மினோவின் அறைக்கு வந்து, ஸுல்மீராவின் கையால் பீன்ஸும் சோறும் சாப்பிட்டான். "அண்ணி, கறை படாம பாத்துக்கங்க, நாளைக்கு இதை எங்கம்மாவுக்கு அனுப்பணும்" என்றான்.

ஐம்பத்தாறாம் வருஷம் மழையில் ஒரு ஆட்டம். அவனை யாரும் தொடவில்லை. பந்தை இழுத்துக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பினான். உடம்பு திரும்பியது, சேற்றில் ஊன்றிய வலது கால் திரும்பவில்லை. பெலார்மினோ வாளியோடு ஓடினார். முட்டியின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது, தோலுக்கடியில் எதுவோ நழுவியது.

கிளப் டாக்டர் நொகேய்ரா பரிசோதித்துவிட்டுச் சொன்னார். "உள்ளே குருத்தெலும்பு கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணும். ஆறு மாசம் பந்தைத் தொடக்கூடாது."

கிளப் தலைவர் ஆதால்பெர்ட்டோ காப்பி ஏற்றுமதிக்காரர். சத்தம் போட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அடுத்த மாசம் நாம லிமாவுக்குப் போறோம் டாக்டர். அங்க ஊரெல்லாம் இவன் மூஞ்சியைத்தான் ஒட்டி வச்சிருக்கான். இவன் இல்லாம போனா நம்மளைத் திருப்பி அனுப்பிடுவான். வேற வழி இருந்தா சொல்லுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு வழியைச் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் முட்டிக்குள் மரத்துப்போகும் ஊசி. முடிந்ததும் உள்ளே சேர்ந்த நீரை இன்னொரு ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவது. அவருக்கு ஊரில் மருத்துவமனை இருந்தது, பயணம் வர முடியாது. அதனால் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து பெலார்மினோவுக்குப் பழக்கிவிட்டார். தோல் தாண்டி, சுளை தாண்டி, எங்கே நிறுத்துவது என்று. கைப்பையை மூடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலி இருக்கறவரைக்கும்தான் முட்டி தன்னைக் காப்பாத்திக்கும் பெலார்மினோ. வலியை எடுத்துட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. கிழிஞ்சுகிட்டே போகும். தெரிஞ்சுக்கோ, அவ்வளவுதான்."

பெலார்மினோ தெரிந்துகொண்டார். லிமாவில் உடைமாற்றும் அறையில் முதல் ஊசியைப் போட்டார்.

"டாக்டர் வந்திருந்தா ஓடிப்போயிருப்பேண்ணே. நீங்கன்னதால காலைக் காட்டறேன்" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான் லம்பாரி. அன்றைக்கு இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்து வந்தபோது முட்டி பப்பாளிப்பழம் போல வீங்கியிருந்தது. பெலார்மினோ நீரை எடுத்து, கோணியில் ஐஸைச் சுற்றிக் கட்டினார். முதலில் அந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. அடுத்த வருஷம் இளஞ்சிவப்பாக வரத் தொடங்கியது.

லிமா முடிந்து வேறொரு ஊர், அது முடிந்து மாநிலப் போட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதும் தள்ளிவைப்பதுமாக இருந்தது. ஸுல்மீரா ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையன் படி இறங்கறதைப் பாத்தீங்களா? ரெண்டு காலையும் ஒரே படியில வச்சு வச்சு இறங்கறான். எங்கப்பா சாகறதுக்கு முந்தின வருஷம் அப்படித்தான் இறங்குவாரு."

"டாக்டர் சொன்னதைச் செய்றேன்."

"எந்த டாக்டர்? அவரு மூஞ்சியைப் பாத்து நாலு மாசமாச்சு."

"மாட்டேன்னு சொன்னா நாளைக்கே வேற ஆள் வருவான். இந்த அறையைக் காலி பண்ணிட்டு எங்க போறது? நீ சொல்லு, போயிடலாம்."

எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது.

ஐம்பத்தேழு டிசம்பரில் மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டம். மேலே கூட்டம் மிதித்த மிதியில் உடைமாற்றும் அறையின் விளக்குகள் ஆடின. லம்பாரி மேசையில் படுத்து, தன் முட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மூடிக்கொண்டான்.

"இன்னிக்கு வேணாம்ணே."

"ஏன்டா?"

"உள்ள கரகரங்குது. எலும்பும் எலும்பும் உரசற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்குண்ணே."

பெலார்மினோ அவன் கைகளை விலக்கிவிட்டுக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அவன் சொன்னது சரிதான். மணல் போட்டு அரைக்கிற மாதிரி விரலில் தெரிந்தது. கதவருகே ஆதால்பெர்ட்டோ வந்து நின்றார்.

"ஆச்சா பெலார்மினோ?"

"ஆயிட்டிருக்குங்க."

கதவு சாத்தியதும் பெலார்மினோ குனிந்து மெதுவாகச் சொன்னார். "இது ஒண்ணுதான். இதோட முடிஞ்சது. நாளைக்கு நானே தலைவர்கிட்டப் போய் ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு பேசறேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

லம்பாரி காலை நீட்டினான்.

எஸ்த்ரேலா அன்று சாம்பியன் ஆனது. இரண்டாவது கோல் லம்பாரியுடையது. மறுநாள் காலை பெலார்மினோ சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். தலைவர் டிசம்பர்க் கோடைக்கு மலைவீட்டுக்குப் போய்விட்டதாகவும், கார்னிவல் திருவிழா கழிந்துதான் வருவார் என்றும் சொன்னார்கள். பெலார்மினோ தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். நடந்து வரும்போது, மனசுக்குள் லேசாக ஒரு நிம்மதி வந்ததை அவர் கவனித்தார். அந்த நிம்மதியை அவர் சாகும்வரை மறக்கவில்லை. திருவிழாவுக்குப் பிறகு தலைவர் வந்தார். பெலார்மினோ போகவில்லை.

மறுவருஷம் உலகக்கோப்பைக்கு ஆள் எடுத்தார்கள். பயிற்சி முகாமில் வேறொரு டாக்டர் லம்பாரியின் முட்டியை மடக்கி, காதை அருகில் வைத்துக் கேட்டார். "இருபத்துநாலு வயசுக்காரன் முட்டியா இது? அறுபது வயசுக் கிழவனோடது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷம் நாடு கோப்பையை வென்ற நாளில் கம்போவாவே தெருவில் ஆடியது. லம்பாரி பெலார்மினோவின் அறையில் காலை நாற்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு வானொலி கேட்டான். வெளியே வெடிச்சத்தம் கேட்டபோது, "கதவைச் சாத்துங்க அண்ணி" என்றான்.

அதற்கப்புறம்தான் ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுக்க உள்ளே ஒழுங்காக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஐம்பத்தொன்பதில் கிளப் அவனை விலக்கி இரண்டு வரியில் கடிதம் கொடுத்தது. நாட்டுப்புறத்துச் சின்னச் சின்ன அணிகளுக்கு ஆடப் போனான். லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பழைய சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள், அவன் நொண்டி நொண்டி ஓடுவதைப் பார்த்து முதலில் அமைதியாக இருப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். கடைசியில் காம்போஸுக்கே திரும்பி ஒரு சர்க்கரை ஆலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். வலிக்குக் கரும்புச் சாராயம் குடித்தான். வலி குறையத் தேவைப்பட்ட சாராயத்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. எழுபத்தாறில் முட்டி எலும்புக்குள் சீழ் பிடித்து, தொடையோடு காலை எடுத்தார்கள்.

இவ்வளவும் பெலார்மினோவுக்குக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் அதே அறையில் இருந்தார், அதே வேலையைச் செய்தார். கணுக்காலோ, இடுப்போ, தோளோ, அவர் ஊசி போட்டால் வலிக்காது என்று ஆட்டக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர்.

எழுபத்தெட்டில் ஒரு செய்தித்தாள் லம்பாரியைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது. ஸுல்மீராதான் படித்துக் காட்டினாள். "எல்லாரும் என்னைக் கரும்பு மாதிரி ஆலையில விட்டுப் பிழிஞ்சாங்க. அந்தக் கிளப்புல மனுஷன்னு ஒருத்தர்தான் இருந்தாரு, பெலார்மினோண்ணன். அவரு கையை மட்டும் நான் மறக்கல." படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்து மேசையில் வைத்தாள். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அடுப்பை ஊதினாள்.

அடுத்த வாரம் பெலார்மினோ பஸ் ஏறினார். ஆலைக்குப் பின்னால் இருந்த வீட்டில் லம்பாரியின் மனைவி டொர்வாலினா கதவைத் திறந்தாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு? அட, அண்ணே! தலைக்கெல்லாம் வெள்ளையடிச்சுட்டீங்க! டொர்வாலினா, காப்பி போடு. நான் சொல்வேனே, அவருதான்."

லம்பாரிக்கு வயது நாற்பத்துநான்குதான். பற்கள் பாதி போயிருந்தன. கால்சட்டையின் வலது பக்கத்தை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். பழைய ஆட்டங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். முகம் பளபளத்தது.

"வேடிக்கையைக் கேளுங்கண்ணே. காலே இல்ல, ஆனா முட்டி வலிக்குது. சில நாள் நீங்க பிடிச்சுவிடற மாதிரி நெனச்சுக்குவேன். கொஞ்சம் அடங்கும்."

பெலார்மினோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். டாக்டர் ஆரஞ்சுப்பழம் கொடுத்ததையும், கிழிஞ்சுகிட்டே போகும் என்று சொன்னதையும் சொன்னார். இறுதி ஆட்டத்தன்று விரலில் தெரிந்ததைச் சொன்னார். தலைவரிடம் போய்ப் பேசவே இல்லை என்பதைச் சொன்னார். "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. தெரிஞ்சுதான் போட்டேன்."

டொர்வாலினா அடுக்களை வாசலில் அப்படியே நின்றாள். பெலார்மினோ அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

"இதை ஏன் இப்ப என்கிட்டச் சொன்னீங்க?"

"உனக்குத் தெரியணும்னு..."

"எனக்கா, உங்களுக்கா?" குரல் உயரவே இல்லை. "எல்லாரும் பொய்யின்னு எனக்கு எப்பவோ தெரியும்ணே. ஒருத்தர் மட்டும் நல்லவருன்னு வச்சிருந்தேன். வலிக்கும்போது நெனச்சுக்க. அதையும் வந்து எடுத்துட்டீங்க. இப்ப யாரை நெனைப்பேன்?"

"லம்பாரி..."

"போங்கண்ணே. பஸ் போயிடும்."

பெலார்மினோ அதற்கப்புறம் இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் டொர்வாலினா கதவைப் பாதி திறந்து, "அவரு தூங்கறாரு" என்றாள். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷமே ஒரு ஞாயிறு, நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன் கணுக்காலை மேசையில் நீட்டியபோது, பெலார்மினோ ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நான் போட மாட்டேன். முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரு."

"பெரிசு, வெளையாடாதீங்க. இன்னிக்கு ஆடலைன்னா என்னை வித்துடுவாங்க. போட்டுத் தொலைங்க!"

"மாட்டேம்பா."

பையன் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இளம் உதவி மசாஜ்காரர் வந்து ஊசியை எடுத்து, இரண்டு நிமிஷத்தில் போட்டு முடித்தார். அந்தப் பையன் ஆடினான். அடுத்த மாதம் பெலார்மினோவுக்கு வயதாகிவிட்டதென்று சொல்லி, ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அறையைக் காலி செய்ய பதினைந்து நாள் அவகாசம்.

லம்பாரி எண்பத்தொன்றில் கல்லீரல் கெட்டுச் செத்தான். பெட்டியின் மேல் எஸ்த்ரேலா கொடி போர்த்தினார்கள். கிழவராகிவிட்ட ஆதால்பெர்ட்டோ காரில் வந்து, தாழ்ந்த குரலில் அழகாகப் பேசினார். பெலார்மினோ கல்லறை வாசல்வரை வந்தார். டொர்வாலினா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் உள்ளே போகவில்லை.

அதன்பின் சாகும்வரை ஆறு வருஷம், புறநகர் காஷியாஸில் ஸுல்மீராவின் தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்தார். பந்தாட்டம் பார்க்கவில்லை. எஸ்த்ரேலாவில் வேலை பார்த்தவர் என்று தெரிந்து அக்கம்பக்கத்தார் சில நேரம் வந்து உட்காருவார்கள்.

"லம்பாரியை நீங்க பாத்திருப்பீங்களே? எப்படி இருப்பான் அவன்?"

"இல்லப்பா" என்பார் பெலார்மினோ. "நான் சேந்தது அவன் போனப்புறம்."

ஸுல்மீரா அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் பீன்ஸ் பயறில் கல் பொறுக்குவாள். ஒரு தடவைகூட அவள் திருத்தவில்லை.