பாக்யலட்சுமி வைக்கும் பரீட்சை

கோபியை வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு, சௌமியாவை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்துகிறாள் பாக்யலட்சுமி. உலையில் அரிசி கொதிக்கிறது. மகளின் காதோடு கேட்கிறாள்: "பன்னெண்டு ஜோடி ஷூ ஒரு பெட்டி. ஏழு பெட்டி வந்துச்சு. எல்லாம் ஒரே சைஸ். அதுல மூணு ஒத்தக் காலு காணோம். எத்தினி ஜோடி தேறும்?"

"ஏழு பன்னெண்டு எண்பத்தி நாலு. மூணு போனா எண்பத்தி ஒண்ணு" என்று மூச்சுவிடாமல் சொல்கிறாள் சௌமியா.

அவளை உள்ளேயே விட்டு, வாசலுக்கு வந்து அதே கணக்கைக் கோபியிடம் போடுகிறாள். அவன் ஏழு பன்னிரண்டுக்கே விரல் மடக்கித் திணறுகிறான். மடக்கிய விரலை விட்டுவிட்டுத் திடீரென்று, "மூணும் ஒரே காலாம்மா? எடது ரெண்டு, வலது ஒண்ணு காணோம்னா இன்னொரு ஜோடி ஜாஸ்தி தேறுமே" என்கிறான்.

பக்கத்து வீட்டு பில்கிஸ் மாடிப்படியில் நின்று சிரிக்கிறாள்.

"இன்னா பாக்யா, கம்பெனில செக்கிங் பண்ணது பத்தலியா? புள்ளைங்கள பேஜார் பண்றியே!"

"நீ சும்மா கெட. எந்த ஸ்கூலு தேவலைன்னு பாக்குறேன்."

பாக்யலட்சுமி என் ஓர்ப்படியின் அண்ணன் மகள். என்னை அத்தை என்பாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், இடது காலையும் வலது காலையும் ஜோடி சேர்த்துப் பார்க்கிற வேலை. நிறம், சுருக்கம், தையல் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அந்தக் கண்ணை வேலை விட்டு வரும்போது கழற்றி வைக்க அவளால் முடியாது. திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எல்லாரும் பந்திக்கு ஓட, இவள் நாலு பிள்ளைகளை நிறுத்திப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் எந்தப் பள்ளி என்று வேறு விசாரித்தாள். அவளுக்காக நானும் பசியோடு நின்றேன்.

பிரைவேட்டில் படித்தால்தான் பிள்ளை தேறும் என்று அவளிடம் யாராவது சொல்லிவிட்டால் போச்சு.

"டாக்டர் வூட்டுப் புள்ளயயும் டேனரி வூட்டுப் புள்ளயயும் பக்கத்துல வச்சிப் பாத்தா இன்னா தெரியும்? ஒரே தோல்ல வெட்டுன ரெண்டு காலத்தான் ஜோடி பாக்கணும்."

அவள் வீட்டில் இருப்பது அப்படி ஒரு ஜோடி. கோபியும் சௌமியாவும் இரட்டைகள். எங்கள் வகையில் இது புதிதில்லை. அவள் தாத்தா தனகோடியின் தங்கைகள் ராஜம்மாள், கமலம் இருவரும் இரட்டைகள்தான். ஒருத்தியை அரக்கோணத்தில் கொடுத்தார்கள், இன்னொருத்தியைக் காவேரிப்பாக்கத்தில். சில வருஷத்தில் இருமுவதுகூட வேறு வேறாகிவிட்டது. இதைச் சொன்னபோது, "யாரு நல்லா இருந்தாங்க அத்த?" என்று உடனே கேட்டாள். சண்டை போடப் பக்கத்தில் ஆளில்லாமல் இரண்டு பேருமே இளைத்துப் போனார்கள் என்றேன்.

பிரைவேட் பள்ளியின் இலவச சீட்டுக்கு இரட்டைகள் இருவருக்கும் எழுதிப் போட்டிருந்தார்கள். குலுக்கலில் சௌமியா பெயர் வந்தது, கோபி பெயர் வரவில்லை. அவள் இங்கிலீஷ் பள்ளிக்கு வேனில் போனாள். அவன் தெருமுனை அரசுப் பள்ளிக்கு நடந்து போனான். இந்த வருஷம் இருவரும் ஐந்து முடித்தாயிற்று. கோபியின் பள்ளியில் ஐந்தோடு சரி, அடுத்து அரசு உயர்நிலைப் பள்ளி. சௌமியாவின் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து சாயங்காலம் ஏழு மணி வரை பிடித்துவைத்துப் படிக்க வைப்பார்களாம். மகளை அங்கேயே விடுவதா, அண்ணனோடு அனுப்புவதா? விட்டுக்கொடுத்தால் அந்த சீட்டு திரும்ப வராது.

"லாட்டரில வுழுந்தத எவனாச்சும் வேணாம்பானா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்கிறான் புருஷன் ராஜேஷ். தோல் பதனிடும் டேனரியில் வேலைக்காரன். வம்பு பேசுகிறவன் இல்லை, பயந்து பேசுகிறவன்.

அதனால்தான் இந்தப் பரீட்சைகள். வருஷக்கணக்காக வைக்கிறாள். ஒரு நாள் சௌமியா முந்துவாள், மறுநாள் கோபி முந்துவான், முடிவில் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். ரெண்டு பள்ளியும் ஒண்ணுதான் போல என்று நினைத்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த லீவில், சித்திரையில் ஒரு நாள், நானும் இருந்தேன். முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா என்று சௌமியாவைக் கேட்டாள்.

"முக்கால்தான். எங்க தேவசகாயம் சார் ரொட்டிய பிச்சிக் காட்டுனாரே!"

"அவுரு கோபி ஸ்கூலு சாராச்சே. உனக்கு எப்பிடிடீ சார் ஆனாரு?"

சௌமியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபி வாசலிலிருந்து நழுவப் பார்த்தான். பிடித்து விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. அம்மா கம்பெனியிலிருந்து வருமுன்னே இரண்டும் பள்ளிக்கூடம் விளையாடுமாம். கோபி தேவசகாயம் சாராகிச் சப்பாத்தியைப் பிய்த்துக் கணக்குச் சொல்வான். சௌமியா அவளுடைய மெர்சி மிஸ்ஸாகி வாய்ப்பாட்டையும் இங்கிலீஷையும் ஒப்பிக்க வைப்பாள், தப்பினால் தொடையில் கிள்ளுவாள்.

"அதான் சப்பாத்தி டெய்லி கம்மியாச்சா!" என்று கத்தினாள் பாக்யலட்சுமி. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கறுப்பையும் வெள்ளையையும் ஒரே பெட்டில போட்டா சாயம் ஒட்டிக்கும் அத்த. கம்பெனில நடுவுல பேப்பர் வச்சி மடிப்போம். வூட்ல வைக்காம வுட்டுட்டேன். இத்தினி வருசம் புள்ளைங்க சொன்னது எந்த ஸ்கூலு பாடம்னு எப்பிடிச் சொல்றது?"

"ஒட்டினது நல்ல சாயமா, கெட்ட சாயமா?" என்று கேட்டேன்.

அவள் ஏழு மணி, ஏழு மணி என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "அவ ஏழு மணிக்கு வந்தா, மிஸ்ஸு யாரு, சாரு யாரு?"

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலையில் அவள் வீட்டில்தான் இருந்தேன். ராஜேஷ் சொன்னபடி சௌமியா அதே இங்கிலீஷ் பள்ளி உடுப்பில் நின்றாள். கோபி தலைக்கு எண்ணெய் வழியத் தடவிக்கொண்டு, தங்கையைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தான். முனையில் வேன் ஹாரன் அடித்தது. பாக்யலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் தடுக்காமல், செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

அவள் மகளைக் கிட்டே இழுத்து, கழுத்திலிருந்த டையைத் தலைவழியே கழற்றினாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. அந்த டையைப் பிடித்த கையாலேயே, போ போ என்று வேனுக்கு வீசிக் காட்டினாள்.